பழைய தேக்கு உத்தரத்தைத் தாங்கிகள் வெளியே தெரியாமல் சுவரில் பொருத்துவது எப்படி?

மேடவாக்கம் வாசகர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றில், இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீட்டிலிருந்து வந்த பர்மாத் தேக்கு உத்தரத் துண்டு ஒன்றை வாங்கியிருக்கிறேன். நீளம் 6 அடி; குறுக்குவெட்டு 8 அங்குலத்துக்கு 6 அங்குலம். இரு முனைகளுக்கும் கீழே ஒவ்வோர் எடைக்கருவியை வைத்து நிறுத்துப் பார்த்ததில் மொத்தம் 41 கிலோ இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ நாலரை அடி உயரத்தில், 8 அங்குலப் பக்கம் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி இதை ஓர் அலமாரித் தட்டாகப் பொருத்த விரும்புகிறேன். மேலே குத்துவிளக்கும் சில பித்தளைப் பாத்திரங்களும் புத்தகங்களும் வைப்போம். அவற்றின் எடை 25 கிலோவைத் தாண்டாது.

கீழே முக்கோணத் தாங்கியோ இரும்புக் கோணமோ கண்ணில் படக்கூடாது என்பதே என் விருப்பம். மரத்தின் பழமையும் உளித்தடங்களும் அப்படியே தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை வாங்கினேன். சுவரில் கம்பிகளைப் பதித்து, மரத்தின் பின்புறம் துளையிட்டு, அந்தக் கம்பிகளின் மேல் உத்தரத்தைச் செருகிவிடலாம் என்று சில காணொளிகளில் பார்த்தேன். அவை பெரும்பாலும் மரச்சட்டச் சுவர்கள் உள்ள நாடுகளில் எடுக்கப்பட்டவை. நம் ஊர்ச் சுவருக்கு அது பொருந்துமா, கம்பி எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், எவ்வளவு ஆழம் பதிய வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும். அதற்கு நேர் கீழே என் தாயார் அமரும் சாய்வு நாற்காலி இருக்கிறது என்பதால் ஊகத்தின் பேரில் எதையும் செய்ய எனக்கு மனமில்லை.

திருச்சி கட்டடப் பொறியாளர்:

வணக்கம். மரத்தைப் பற்றி நன்றாக விவரித்திருக்கிறீர்கள். சுவரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. இந்த வேலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். 41 கிலோ எடையை நேர் கீழாகத் தாங்குவது எந்தச் சுவருக்கும் பெரிய காரியமில்லை. உத்தரம் சுவரிலிருந்து 8 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், அது கீழ் விளிம்பை ஊன்றிக்கொண்டு மேல் விளிம்பைச் சுவரிலிருந்து பிய்த்து வெளியே சாயப் பார்க்கும். அந்தத் திருப்புவிசையைச் சுவர் தாங்குமா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

ஆகவே இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். உத்தரம் வந்தால் மறைந்துவிடக்கூடிய ஓரிடத்தில் 6 மி.மீ. துளைக்கோலால் மெதுவாகத் துளையிட்டு, வெளிவரும் தூளை ஒரு வெள்ளைத் தாளில் பிடியுங்கள். முதல் 12 முதல் 15 மி.மீ. வரை பூச்சின் சாம்பல் நிறத் தூள் வரும். அதற்குப் பிறகு சிவப்புத் தூள் வந்தால் உள்ளே இருப்பது செங்கல். துளைக்கோல் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே இறங்கி, மாவுபோல வெளிறிய தூள் கொட்டினால் அது காற்றுக்குமிழ் கொண்ட இலேசான ஏ.ஏ.சி. கல். சற்றுத் தூரம் சென்றவுடன் துளைக்கோல் திடீரென்று வெற்றிடத்தில் விழுந்தால் அது துளைக்கல் சுவர். தூளும் சாம்பல் நிறம், துளைக்கோலும் நகரவில்லை என்றால் கட்டடத்தின் கான்கிரீட் தூணையோ விட்டத்தையோ தொட்டுவிட்டீர்கள். உடனே நிறுத்திவிடுங்கள், ஏனெனில் உள்ளிருக்கும் முறுக்குக் கம்பியைச் சேதப்படுத்தக் கூடாது.

இரண்டாவதாக, அந்தச் சுவரில் உள்ள கதவு அல்லது சன்னல் திறப்பில் சுவரின் மொத்தக் கனத்தை அளந்து பாருங்கள். இரு பக்கப் பூச்சும் சேர்ந்து ஐந்தரை அங்குலம் வந்தால் அது நாலரை அங்குலச் சுவர். பத்து, பத்தரை அங்குலம் வந்தால் ஒன்பது அங்குலச் சுவர். இவ்விரண்டுக்கும் நான் சொல்லப்போகும் பதில் முற்றிலும் வேறு. நீங்கள் அளந்து சொன்ன பிறகு கணக்கைப் பார்ப்போம்.

கோவை வாசகர்:

என் நண்பர் வீட்டில் இதே போன்ற, சற்றுச் சிறிய மரத்தட்டு ஒன்றை 12 மி.மீ. மரைக்கம்பிகள் நான்கைக் கெமிக்கல் ஆங்கர் பசையால் சுவரில் பதித்துத்தான் மாட்டியிருக்கிறார்கள். அது பல ஆண்டுகளாக உறுதியாக இருக்கிறது. துளையைத் தூசியில்லாமல் சுத்தம் செய்துவிட்டால் அந்தப் பசை கல்லைப்போல இறுகிவிடும். தங்களுக்கும் அதுவே எளிய வழி என்பது என் கருத்து. பிளாஸ்டிக் ராவல் பிளக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

மேடவாக்கம் வாசகர்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடியே செய்து பார்த்தேன். நான் நினைத்திருந்த சுவர் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் இடையே உள்ளது. தூள் சிவப்பாகத்தான் வந்தது, ஆனால் கதவுத் திறப்பில் சுவரின் கனம் பூச்சோடு சேர்த்து ஐந்தரை அங்குலமே இருக்கிறது. எதிர்ப்புறம் சன்னல் உள்ள வெளிச்சுவரின் கனம் பத்தரை அங்குலம். அங்கும் தூள் சிவப்பு. படுக்கையறைப் பக்கத்தில், உத்தரம் வரவேண்டிய இடத்துக்கு நேர் பின்னால், எங்கள் துணி அலமாரி நிற்கிறது. இந்த விவரங்களின் அடிப்படையில் எது சரி என்று சொல்ல வேண்டுகிறேன்.

திருச்சி கட்டடப் பொறியாளர்:

தெளிவான விவரங்களைத் தந்ததற்கு நன்றி. இப்போது கணக்கைப் பார்ப்போம்.

உத்தரமும் அதன் மேல் வைக்கும் பொருள்களும் சேர்ந்து 66 கிலோ. அதன் மையம் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருப்பதால் திருப்புவிசை ஏறத்தாழ 65 நியூட்டன் மீட்டர். அன்றாடச் சுமை அவ்வளவுதான். ஆனால் நாலரை அடி உயரத்தில் கைக்கு வாகாக ஒரு மரம் நீட்டிக்கொண்டிருந்தால் யாராவது ஒருவர் அதன் விளிம்பைப் பிடித்துத் தம் எடையைச் சாய்க்கவே செய்வார், மின்விசிறி துடைக்க முக்காலியில் ஏறுபவர் அதைப் பற்றிக்கொள்வார், பிள்ளைகள் தொங்குவார்கள். 60 கிலோ எடை முன்விளிம்பில் விழுந்தால் இன்னும் 118 நியூட்டன் மீட்டர் கூடி, மொத்தம் 183 ஆகிவிடும். கீழே ஒருவர் அமர்கிறார் என்பதால் இந்த இரண்டாவது எண்ணைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோவை நண்பர் சொன்ன 12 மி.மீ. மரைக்கம்பியை எடுத்துக்கொள்வோம். மரை வெட்டப்பட்ட பிறகு அதில் உழைக்கும் விட்டம் பத்து மி.மீ.க்குச் சற்று மேல்தான். நான்கு கம்பிகள் சமமாகப் பங்கிட்டுக்கொண்டாலும், அன்றாடச் சுமையில் ஒவ்வொரு கம்பியிலும் ஏற்படும் வளைவுத் தகைவு, அதாவது வளையும்போது உலோகத்துக்குள் எழும் விசை, சதுர மி.மீ.க்கு 150 நியூட்டன் அளவில் இருக்கும். சாதாரண மென்எஃகு 240 வரை வளையாமல் தாங்கும் என்பதால் அதில் ஆபத்தில்லை. அவர் நண்பர் வீட்டுத் தட்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஒருவர் சாயும்போது அது 420ஐத் தொட்டுவிடும். கம்பி நிரந்தரமாகக் கீழே வளைந்துவிடும். அதே இடத்தில் 16 மி.மீ. மரைக்கம்பியைப் போட்டால் தகைவு 165 அளவில் நின்றுவிடுகிறது. வளைவைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், 4 மி.மீ. கூடுவதிலேயே இரண்டரை மடங்கு வலு கிடைக்கிறது. ஆகவே மரத்துக்குள் செல்லும் கம்பி 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

அடுத்து, நாலரை அங்குலச் சுவரில் இதைச் செய்யாதீர்கள். அதில் செங்கல்லின் கனமே 115 மி.மீ.தான், மறுபக்கம் செங்கல் உடைந்து சிதறாமலிருக்க 30 மி.மீ.யாவது விட்டுவிட்டுத்தான் துளையிட முடியும் என்பதால் கம்பி பதிய எஞ்சுவது சுமார் 85 மி.மீ. தனித்தனிக் கம்பி ஒன்று அந்த ஆழத்தில் நெம்பும்போது செங்கல்லின் வாய்ப்பகுதி நொறுங்கும். அந்தச் சுவர்தான் வேண்டுமென்றால் ஒரே வழி, கம்பிகளைச் சுவரை ஊடுருவச் செய்து, துணி அலமாரிக்குப் பின்னால் அகலமான இரும்புப் பட்டை வைத்து முடுக்குவது. வெளிச்சுவரில் இடமிருந்தால் அங்கே மாற்றிவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

வெளிச்சுவரிலும் ஒரு கவனம் வேண்டும். சன்னலுக்கு மேலுள்ள கான்கிரீட் லிண்டலையும் மூலையிலுள்ள தூணையும் விட்டு விலகி நிற்க வேண்டும். சுவிட்ச் பெட்டிகளுக்கு நேர் மேலும் நேர் கீழும் மின்குழாய் ஓடும் என்று வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தவிர்த்துவிடுங்கள். உலோகமும் மின்கம்பியும் கண்டறியும் சிறு கருவி வாடகைக்குக் கிடைத்தால் நல்லது.

நாகர்கோவில் தச்சர்:

தம்பி, பொறியாளர் ஐயா சுவரைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. நான் மரத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுவரில் பதித்து அவற்றின் மேல் மரத்தைச் செருகும் முறை பார்ப்பதற்கு எளிது. செய்யும்போதுதான் அதன் கஷ்டம் தெரியும். 150 மி.மீ. நீட்டியிருக்கும் கம்பி ஒரே ஒரு பாகை சாய்ந்தால் போதும், நுனி இரண்டரை மி.மீ.க்கு மேல் விலகிவிடும். நான்கு கம்பியும் நான்கு திசையில் சற்றுச் சற்று விலகினால் 41 கிலோ மரத்தை இருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு செருக முடியாமல் நிற்க வேண்டியதுதான். அதற்காக மரத்துளையைப் பெரிதாக்கினால் கம்பிக்கும் மரத்துக்கும் இடையே இடைவெளி வந்து, முன்விளிம்பு தலைகுனிந்து நிற்கும். அதைச் சரிக்கட்ட மரத்துளைக்குள் எப்பாக்ஸியை ஊற்றிவிட்டால், அந்த உத்தரத்தை வாழ்நாளில் வெட்டாமல் கழற்ற முடியாது. வைரம் பாய்ந்த பர்மாத் தேக்கு உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் இருக்கும். அதைக் கழற்ற முடியாமல் ஒட்டிவிடுவதை என் மனம் ஒப்பவில்லை.

நான் செய்யும் முறை வேறு. வெல்டிங் பட்டறையில் 100 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம், 5 அடி நீளமுள்ள இரும்புப் பட்டையை எடுத்து, அதன் நடுக்கோட்டில் நான்கு இடங்களில் துளையிட்டு, மரை வெட்டாத 16 மி.மீ. உருட்டுக் கம்பிகளை ஊடே செலுத்தி, முன்னும் பின்னும் பற்றவைக்கச் சொல்லுங்கள். பின்பக்கப் பற்றுகளைச் சுவரோடு படியும்படி அரைத்துச் சமமாக்க வேண்டும். பற்றவைக்கும் சூட்டில் பட்டை வில்போல வளையும் என்பதால், கனமான ஓர் இரும்போடு கவ்விப் பிடித்துக்கொண்டு, முதலில் புள்ளி வைத்து, பிறகு மாறி மாறிப் பற்றவைக்கச் சொல்ல வேண்டும். கம்பிகள் நான்கும் மூலைமட்டத்தில் சரியாக நிற்கின்றனவா என்பதை, பட்டறையை விட்டு வெளியே வருமுன் அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள். பட்டை சுவரில் ஏறிய பிறகு இதைத் திருத்த முடியாது. பட்டறையிலோ ஒரு சுத்தியல் தட்டில் திருந்திவிடும்.

இனி மரத்துக்கு வருவோம். வேலையைத் தொடங்குவதற்கு முன் வலுவான காந்தம் ஒன்றை உத்தரத்தின் நான்கு பக்கமும் நகர்த்திப் பாருங்கள். பழைய உத்தரங்களில் கைமரத்தை அடித்த ஆணிகள் தலை உடைந்து உள்ளேயே கிடக்கும்; ஒன்று இருந்தாலும் இழைப்புளியின் அலகு போய்விடும். முனைகளில் வெடிப்பு இருந்தால் முதல் கம்பி அந்த வெடிப்பின் எல்லையைத் தாண்டி, குறைந்தது 8 அங்குலம் உள்ளே தள்ளி வரட்டும். துளைகளை உயரத்தின் நடுவில், 150 மி.மீ. கம்பிக்கு 160 மி.மீ. ஆழத்தில் இடுங்கள், 16 மி.மீ. கம்பிக்கு 16.5 அல்லது 17 மி.மீ. துளை போதும். கையால் பிடித்துத் துளையிடாதீர்கள். 2 அங்குலக் கனமுள்ள கட்டை ஒன்றில் நிலைத் துளைப்பானால் நேர்த்துளை இட்டு, அதை உத்தரத்தின் மேல் கவ்வி வைத்து, அந்தத் துளை வழியாகவே ஆகர் கோலை (மரத்துக்கான நீண்ட துளைக்கோலை) இறக்கினால் கோணம் தவறாது. இடங்களைக் குறிப்பதற்கு அளவுகோலை நம்பாமல், பட்டையையே மரத்தின் மேல் கவிழ்த்து வைத்து, கம்பி நுனிகளில் சாயம் தடவி ஒற்றியெடுங்கள்.

மரத்தின் பின்புறம் பட்டை முழுவதும் உள்ளே அமரும்படி 12 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் எடுக்க வேண்டும். பட்டையைச் சுவரோடு பிடிக்கும் ஆணிகளின் நட்டுகளுக்குத் தனியாக இன்னும் 15 மி.மீ. ஆழக் குழிகள் வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு, மரம் சுவரோடு படியவில்லையே என்று தவிப்பார்கள். பள்ளத்துக்கு மேலும் கீழும் ஓர் அங்குல மரம் அப்படியே நிற்பதால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இரும்பு தெரியாது.

கழன்று வராமலிருக்க, இரண்டு முனைக் கம்பிகளிலும் அடிப்பக்கமாக மரையுள்ள சிறு துளை ஒன்றைப் பட்டறையிலேயே போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரத்தைச் செருகிய பிறகு அடியிலிருந்து ஒரு 6 மி.மீ. திருகை அதில் ஏற்றி, அந்தத் துளையை அதே தேக்கில் கடைந்த தக்கையால், ரேகை ஒத்துப்போகும்படி, பசையில்லாமல் அடைத்துவிடலாம். சாய்வு நாற்காலியில் அமர்ந்து அண்ணாந்து பார்த்தாலும் தக்கை இருப்பது தெரியாது. தேவைப்பட்டால் தக்கையை நெம்பி எடுத்து உத்தரத்தையே கழற்றிவிடலாம்.

இரும்புக்கு ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு கட்டாயம். வெளிச்சுவர் என்பதால் மழைக்காலத்தில் ஓதம் வரக்கூடும். ஈரத்தில் வெறும் இரும்பு தேக்கைத் தொட்டால் மரத்தில் கறுப்புக் கறை ஏறிவிடும். மரத்தின் ஓரங்களில் வெளிறிய பகுதி ஏதேனும் எஞ்சியிருந்தால் கறையானும் துளைப்பூச்சியும் அங்கேதான் முதலில் வரும். பின்புறத்துக்கும் துளைகளுக்குள்ளும் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவிக் காயவிட்டு, பிறகு எண்ணெய் பூசுங்கள். சுவரில் ஏறிய பிறகு பின்புறத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் இதை ஒத்திப்போடாதீர்கள்.

கோவை வாசகர்:

விளக்கங்களுக்கு நன்றி. பட்டை முறைதான் மேலானது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு கேள்வி மட்டும்: அந்தப் பட்டையைச் சுவரில் பொருத்தச் சாதாரண ஆங்கர் ஃபாஸ்னர் போதாதா? கெமிக்கல் ஆங்கருக்குப் பசைக்குழலும் துப்பாக்கியும் வாங்கினால் செலவு கூடுமே.

திருச்சி கட்டடப் பொறியாளர்:

தச்சர் ஐயா சொன்ன பட்டை முறையை நானும் ஆதரிக்கிறேன். அதில் பெரிய நன்மை என்னவென்றால், கம்பி மரத்துக்குள் எங்கே வரவேண்டும் என்பதும் ஆணி சுவரில் எங்கே இறங்க வேண்டும் என்பதும் தனித்தனியாகிவிடுகின்றன. சுவரிலிருந்து பிய்க்கும் விசையும் சிறிதாகிவிடுகிறது: பட்டையின் மேல் வரிசையில் நான்கு ஆணிகள் (சுவரில் பசையால் பதிக்கும் 12 மி.மீ. மரைக்கம்பிகள்) இருந்தால், ஒருவர் சாய்ந்து தொங்கும் நிலையிலும் ஒவ்வோர் ஆணிக்கும் வரும் இழுவை 66 கிலோ எடைக்குச் சமமாக இருக்கும், அன்றாடச் சுமையில் 25 கிலோவுக்கும் குறைவு. நல்ல செங்கல்லில் 110 மி.மீ. ஆழம் பதிந்த 12 மி.மீ. கம்பி இதைக் கவலையில்லாமல் தாங்கும்.

ஆங்கர் ஃபாஸ்னரைப் பற்றிக் கேட்டீர்கள். அது துளைக்குள் விரிந்து, பக்கச் சுவர்களை நெருக்கிப் பிடிப்பது, கான்கிரீட்டுக்காக உருவானது. செங்கல்லில், அதிலும் மூட்டுக்கு அருகே, அந்த நெருக்குதலே கல்லைப் பிளந்துவிடும். முடுக்கும்போது இறுகுவதுபோல இருந்து பிறகு சட்டென்று தளர்ந்தால் உள்ளே கல் வெடித்துவிட்டது என்று பொருள். பசை எதையும் நெருக்காமல் பிடிக்கிறது என்பதால் செங்கல்லுக்கு அதுவே ஏற்றது.

பட்டையில் எட்டுத் துளைகள் போதுமென்றாலும் பன்னிரண்டு போட்டுக்கொள்ளுங்கள். பூச்சுக்கு உள்ளே மூட்டு எங்கே ஓடுகிறது என்பது வெளியே தெரியாது. துளையிடும்போது செந்தூள் நின்று சாம்பல் தூள் வரத் தொடங்கினால் கலவை மூட்டில் இறங்கிவிட்டீர்கள் என்று அறிந்து, அந்தத் துளையை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம். ஆழத்தைச் செங்கல் தொடங்கும் இடத்திலிருந்து கணக்கிடுங்கள், பூச்சிலிருந்து அல்ல. பட்டை அமரும் இடத்தில் பூச்சைத் தட்டிப் பாருங்கள். பொக்கென்று ஒலித்தால் அந்தப் பகுதியைப் பெயர்த்துவிட்டுச் சுருங்காத கலவையால் நிரப்பி, அது இறுகிய பிறகே மேற்கொண்டு செல்லுங்கள், ஏனெனில் பட்டையின் கீழ் விளிம்பு சுவரை அழுத்திக்கொண்டுதான் அந்தத் திருப்புவிசையைத் தாங்கப்போகிறது.

12 மி.மீ. கம்பிக்கு 14 மி.மீ. துளை. ஊதுபம்பால் ஊதி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி ஊதி, தூசி வருவது நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். செங்கல் தூசி எஞ்சியிருந்தால் பசை கல்லைப் பிடிக்காமல் தூசியைத்தான் பிடிக்கும். குழலிலிருந்து முதலில் வரும் பசை இரு பாகமும் சரியாகக் கலக்காதது. நிறம் ஒரே சீராகும் வரை பிதுக்கி எறிந்துவிட்டு, துளையின் அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வெளியே வந்து, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் கம்பியைத் திருகியபடி செலுத்துங்கள். சென்னை வெயிலில் பசை சில நிமிடங்களிலேயே இறுகத் தொடங்கும் என்பதால் அதிகாலையில் வேலையை வைத்துக்கொள்வதும், குழலில் அச்சிட்டுள்ள வெப்பநிலை அட்டவணையைப் பார்த்து அந்த நேரம் முழுவதும் கம்பியைத் தொடாமல் விடுவதும் நல்லது.

மேடவாக்கம் வாசகர்:

தச்சர் ஐயாவுக்கும் பொறியாளர் ஐயாவுக்கும் கோவை நண்பருக்கும் மனமார்ந்த நன்றி. வெளிச்சுவருக்கே மாற்றிவிட முடிவு செய்துவிட்டேன். சன்னலுக்கும் தூணுக்கும் இடையே ஏழரை அடி இடம் இருக்கிறது, அந்தப் பகுதியில் சுவிட்ச் பெட்டி எதுவும் இல்லை. தாயாரின் நாற்காலியும் உத்தரத்துக்கு நேர் கீழே வராது. கடைசியாக ஒன்று கேட்கிறேன்: எல்லாம் முடிந்த பிறகு, உள்ளே பசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்பதை உத்தரத்தை ஏற்றுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

திருச்சி கட்டடப் பொறியாளர்:

உண்டு, அவசியம் செய்யுங்கள். பசை முழுவதும் இறுகி, பட்டையின் நட்டுகளை முடுக்கிய பிறகு, மறுநாள், வெளியே நீட்டியிருக்கும் நான்கு கம்பிகளின் நுனிக்கருகே குறுக்காக ஓர் இரும்புக் குழாயை வைத்துக் கட்டி, அதில் 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் மூன்றைக் கயிற்றால் தொங்கவிடுங்கள். ஒரே நேரத்தில் ஏற்றாமல் ஒவ்வொன்றாக ஏற்றவும். மூட்டைகள் தரையிலிருந்து நான்கு விரற்கடைக்கு மேல் உயராமல் இருந்தால் ஏதேனும் நழுவினாலும் ஆபத்தில்லை. சுவரிலிருந்து 150 மி.மீ. தொலைவில் 150 கிலோ என்பது 220 நியூட்டன் மீட்டர். நாம் கணக்கிட்ட 183ஐ விட அதிகம். ஏற்றுவதற்கு முன் பட்டையின் மேல் விளிம்பை ஒட்டிச் சுவரில் கூரிய பென்சிலால் கோடு ஒன்றை இழுத்து, குழாயின் மேல் ரசமட்டத்தையும் வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மூட்டைகளை இறக்கும்போது குமிழி பழைய இடத்துக்கே திரும்பி, மேல் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே தாள் நுழையும் இடைவெளிகூட இல்லையென்றால் உத்தரத்தை ஏற்றலாம். இடைவெளி தெரிந்தால் மேல் வரிசையில் எந்த ஆணி தளர்ந்தது என்று பார்த்து, அதை விட்டுவிட்டு, மீதமிருக்கும் துளைகளில் ஒன்றைப் பயன்படுத்திப் புதிதாகப் பதித்து, மறுபடியும் இதே சோதனையைச் செய்யுங்கள்.